ஆறு துண்டு வெண்ணெய்க் கேக்

ராய்ட்லிங்கன்,
12 மே 1968

அன்புள்ள ஹின்ரிக் அண்ணாவுக்கு,

ஆல்மா எழுதுகிறேன். இங்கே நானும் ஓய்கனும் சுகம். மாமியாருக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? அப்பா எப்படி இருக்கிறார்?

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல். நம் வீட்டில் யார் செத்தது? இல்லை, யாருக்குக் கல்யாணம்?

வெள்ளிக்கிழமை தபால்காரர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பால் சங்கத்துப் பழுப்புத் தாள், சணல் கயிறு, மூலையில் 'பிராமர், எல்ம்போஸ்டல்' என்று நம் பண்ணை முத்திரை. முகவரியைக்கூட ஒழுங்காக எழுதச் சோம்பல் உனக்கு. பிரித்தால் உள்ளே ஆறு துண்டு வெண்ணெய்க் கேக். கடிதம் இல்லை. தாளை உதறிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், ஒரு வரி கிடையாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓய்கன் கேட்டார்: "ஊர்ல இருந்து கேக் வந்திருக்கு. சந்தோஷமா தின்ன வேண்டியதுதானே?"

தெற்கத்திக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? நம் பக்கத்தில் வெண்ணெய்க் கேக்கைத் தட்டுத் தட்டாகச் சுட்டால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. வர முடியாதவர்களுக்குப் பொட்டலம் போகும். இரண்டுக்கும் ஒரே மாவு, ஒரே வெண்ணெய், ஒரே சர்க்கரை என்று சொன்னேன்.

"அப்போ எதுக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"ஊர்ல இருந்தா தெரியும்."

பாதாம் நிறையத் தூவியிருந்தது. கல்யாணம்தான் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அம்மாவின் அடக்கத்துக்கும் அதே அளவு பாதாம் போட்டோம் என்று ஞாபகம் வந்தது. அழுவதா, சிரிப்பதா தெரியாமல் ஒரு துண்டைத் தின்றேன். ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது. மாமியார், "மேல ஒரு ஆப்பிள் துண்டுகூட இல்லாம இது என்ன கேக்கு? வெண்ணெயில குளிப்பாட்டி வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். பிறகு கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்துச் சுருட்டி, தாளையும் நீவி மடித்து இழுப்பறையில் வைத்தார். இந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் வீணாகாது.

நம் ஊர் விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் "என் பிறந்த வீட்டில் யார் போய்விட்டார்கள்?" என்று விடுதிக்காரரிடமா கேட்பேன்? பதினொரு வருஷமாக அப்பா எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. புராட்டஸ்டண்ட் வீட்டில் பிறந்து கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டு தெற்கே போனவள் நான், அது இருக்கட்டும். ஆனால் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்குத் தெரிய வேண்டும், அண்ணா. மறைக்காதே.

உடனே பதில் போடு.

குழப்பத்தோடு,
ஆல்மா


எல்ம்போஸ்டல்,
2 ஜூன் 1968

ஆல்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது.

நீ எழுதிய பொட்டலம் எனக்குத் தெரியாது. நான் அனுப்பவில்லை. 

இந்த வருஷம் வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டு நன்றாக வந்திருக்கிறது. மண் சீக்கிரம் சூடாகிவிட்டது. தினம் காலையில் வெட்டுகிறேன், தினம் மத்தியானம் அதுதான் சாப்பாடு. அவித்து, உருக்கின வெண்ணெய் ஊற்றி, உப்புப் பன்றித்தொடையோடு. உங்கள் பக்கத்தில் அதை முட்டைக் குழம்பில் முழுக வைக்கிறார்கள் என்று கேள்வி. அப்படிச் செய்யாதே, ருசி தெரியாது.

பழுப்புப் பசு கன்று போட்டது. கிடாரி.

ஓய்கனுக்கும் அவர் அம்மாவுக்கும் என் விசாரிப்புகள்.

ஹின்ரிக்


ராய்ட்லிங்கன்,
9 ஜூன் 1968

அண்ணா,

நீ நலமாக இருப்பதிலும் பசு கன்று போட்டதிலும் மகிழ்ச்சி. எங்கள் உடம்புக்கும் குறைவில்லை. ஆனால் மண்டை குழம்பிப்போய்க் கிடக்கிறது.

நீ அனுப்பவில்லையா? பின்னே யார் அனுப்பியது? நம் பண்ணை முத்திரை உன் மேசை இழுப்பறையில் அல்லவா இருக்கும்? பொட்டலம் தானாகக் கட்டிக்கொண்டு தானாக ரயிலேறி வந்ததா? மூன்று வாரம் காத்திருந்தேன். நீ ஆஸ்பராகஸ் சமைக்கச் சொல்லிக்கொடுக்கிறாய்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. நம் ஊரில் யாரோ தட்டுத் தட்டாகக் கேக் சுட்டிருக்கிறார்கள். எதற்கு?

ஆறு துண்டில் ஓய்கன் இரண்டு, நான் இரண்டு, மாமியார் ஒன்று தின்றாயிற்று. மிச்சம் ஒரு துண்டை டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஓய்கன், "போலீஸ்காரன் தடயம் வைக்கிற மாதிரி வச்சிருக்க" என்று கேலி செய்கிறார். செய்யட்டும். அது எதற்குச் சுட்டது என்று தெரியாமல் அதைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை. கல்யாணக் கேக்கை அழுதுகொண்டு தின்றாலும் தப்பு, சாவுக் கேக்கைச் சிரித்துக்கொண்டு தின்றாலும் தப்பு.

போன வாரம் மாமியாரோடு உட்கார்ந்து நூற்றிருபது மௌல்டாஷன் செய்தேன். மாவுத் தாளுக்குள் கறியும் கீரையும் வைத்து மூடுவது. பெரிய வெள்ளியன்று கறி தின்பது கடவுளுக்குத் தெரியாமல் இருக்கத்தான் இப்படி மூடினார்களாம் இந்த ஊர்க்காரர்கள். உன் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே எதையோ வைத்து மூடியிருக்கிறாய்.

அப்பா எப்படி இருக்கிறார்? போன கடிதத்திலும் கேட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆல்மா


எல்ம்போஸ்டல்,
30 ஜூன் 1968

ஆல்மாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று படித்தேன்.

ஆஸ்பராகஸ் முடிந்துவிட்டது. இப்போது புது உப்பு ஹெர்ரிங் மீன் வந்திருக்கிறது. பச்சை பீன்ஸை அவித்து, பன்றிக் கொழுப்பை வறுத்து மேலே ஊற்றி, மீனோடு சாப்பிடுகிறேன். புது உருளைக்கிழங்கும் தோண்டியாயிற்று. மூன்று கிழங்கு அவித்தால் வேளை ஓடிவிடுகிறது. தோட்டத்தில் சிவப்புக் கரண்ட் பழமும் ராஸ்பெரியும் கொட்டிக் கிடக்கின்றன. சிவப்புப் பழக்கூழ் காய்ச்ச வேண்டும், கையில் நேரமில்லை.

மழை போதவில்லை. வைக்கோல் நன்றாகக் காய்ந்தது.

கேக் விஷயத்தை விட்டுவிடு.

ஹின்ரிக்


ராய்ட்லிங்கன்,
7 ஜூலை 1968

அன்புத் தோழி வீப்கே,

இத்தனை வருஷம் கழித்து என் கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். நீ சுகமா? உன் வீட்டுக்காரர் தவறிப்போன செய்தியை அண்ணா ஒரு வரியில் எழுதியிருந்தான். அப்போதே உனக்கு ஆறுதல் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தப்பு.

நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்ற உரிமையில் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலிக்காரி நீ, உனக்குத் தெரியாமல் அங்கே ஒரு கோழி முட்டையிடாது. மே மாதம் எனக்கு நம் ஊரிலிருந்து வெண்ணெய்க் கேக் வந்தது. அண்ணா அனுப்பவில்லை என்கிறான். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மீனைப் பற்றி எழுதுகிறான்.

போன கடிதத்தில் மூன்று உருளைக்கிழங்கு அவிக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். வீப்கே, மூன்று கிழங்கு ஒரு ஆளுக்குத்தான் காணும். எங்கள் அப்பா ஒருவரே ஐந்து தின்பார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

என்ன நடந்தது என்று நீயாவது சொல். கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

உன்,
ஆல்மா


எல்ம்போஸ்டல்,
12 ஜூலை 1968

அன்புள்ள ஆல்மா,

உடம்பைப் பார்த்துக்கொள். உட்கார்ந்துகொண்டு படி. ஓய்கன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அப்பா மே ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலையில் போய்விட்டார். பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இருந்ததாகத் தெரியவில்லை. பசு அப்படியே நின்றுகொண்டிருந்தது, வாளியில் பாதிப் பால். சனிக்கிழமை அடக்கம் செய்தோம், உன் அம்மா பக்கத்தில். அண்ணா உனக்கு எழுதிவிட்டான் என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன். நீ வராததற்கு மனசுக்குள் உன்னைத் திட்டவும் திட்டினேன். மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் அவன் சொல்லியிருக்க மாட்டான். மே பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, எனக்கும் ஹின்ரிக்குக்கும் கல்யாணம் நடக்க இருந்தது.

சிரிக்காதே. எனக்கு நாற்பது, அவனுக்கு நாற்பத்தாறு. பத்து வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வானிலை பேசியவன், மார்ச் மாதம் ஒரு நாள், "எனக்கும் சேர்த்து சமைச்சா உனக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டான். அதுதான் அவன் பெண் கேட்ட லட்சணம்.

புதன்கிழமை ஊர் அடுப்பைப் பற்றவைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சேர்ந்து எட்டுத் தட்டு சுட்டோம். ஒரு தட்டுக்கு இருபத்துநாலு துண்டு. மறுநாள் உன் அப்பா போய்விட்டார். எட்டுத் தட்டு கேக்கை என்ன செய்வது? பாஸ்டரம்மா, "எதுக்குச் சுட்டா என்ன, மாவு ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டார். என் கல்யாணக் கேக்கை ஊரே கறுப்பு உடுத்திக்கொண்டு வந்து தின்றது. நானே பரிமாறினேன். மருமகளாகவா, பக்கத்து வீட்டுக்காரியாகவா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஹின்ரிக் கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. வேலிப் பக்கமும் வருவதில்லை. "அந்தக் கேக்கைத் தின்னாச்சு, அந்தக் கல்யாணம் அதோட சரி" என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். அவனும் அப்படித்தான் நினைக்கிறானா? கேட்க வாய் வரவில்லை. இரண்டு மாதமாக என் அலமாரியில் அந்த உடுப்பு தொங்குகிறது. அதை மடித்து வைப்பதா, விடுவதா தெரியாமல் தினமும் கதவைத் திறந்து மூடுகிறேன்.

உனக்குக் கேக்கை நான் அனுப்பவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் எண்ணியபோது முதல் தட்டில் ஆறு துண்டு குறைந்தது. ஹின்ரிக்கைப் பிடித்துத் திட்டினேன். "நான் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்தான். அதுதான் உனக்கு வந்ததோ என்னவோ. அது கல்யாணக் கேக்கா, சாவுக் கேக்கா என்று கேட்டால், ஆல்மா, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அழு. அடக்கி வைக்காதே.

வீப்கே


ராய்ட்லிங்கன்,
16 ஜூலை 1968

அண்ணா,

வீப்கே எழுதிவிட்டாள்.

நான் இங்கே "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்டபோது அவர் மண்ணுக்குள் இருந்தார். நீ எனக்கு ஆஸ்பராகஸில் என்ன ஊற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு அட்டை, கறுப்பு ஓரம் போட்ட ஒரு அட்டை, ஊரில் எல்லோருக்கும் போயிருக்கும். பெற்ற மகளுக்கு இல்லை.

கல்யாணத்துக்கும் நான் வேண்டாம், சாவுக்கும் நான் வேண்டாம். அப்படித்தானே?

என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஏன்? அதை மட்டும் சொல். மீனும் கிழங்கும் வேண்டாம்.

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

ஆல்மா


எல்ம்போஸ்டல்,
11 ஆகஸ்ட் 1968

அன்புள்ள ஆல்மா,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். எனக்குக் கடிதம் எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்: "ஆல்மாவுக்கும் ஓய்கனுக்கும் எழுதட்டுமா?" அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. அது என் கோழைத்தனம்.

அவர் போன அன்றைக்கே உனக்கு அட்டை எழுதினேன். போன இலையுதிர் காலத்தில் நீ வீடு மாறினாய் அல்லவா? புது முகவரி உன் கிறிஸ்துமஸ் கடித உறையின் பின்பக்கம் மட்டும்தான் இருந்தது. உறையை எடுத்தேன். அனுப்புநர் முகவரி இருந்த இடத்தில் ஓட்டை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தது. கத்தரிக்கோல் அப்பா நாற்காலியின் பக்கத்தில், புகையிலை டப்பாவோடு கிடந்தது.

உன் பெயர்கூட வீட்டில் இருக்கக் கூடாது என்று வெட்டி எறிந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். நான் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடலாமா என்று கேட்டதால் வந்த கோபம். அட்டையை உன் பழைய முகவரிக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன், தேதி பார்த்துக்கொள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது, கேக்கைப் பற்றி, அப்பா எப்படி இருக்கிறார் என்று. நான் என்ன எழுதுவேன்? அவர் செத்துவிட்டார் என்று எழுதினால், "கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா" என்று நீ கேட்பாய். உன் பெயரை வெட்டி எறிந்தார் என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் ஆஸ்பராகஸைப் பற்றி எழுதினேன். மறுபடியும் கேட்டாய், மீனைப் பற்றி எழுதினேன். கேக்கை வீப்கேதான் அனுப்பியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை. அவள் கல்யாணக் கேக்கை என் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் தின்றார்கள். அவளே பரிமாறினாள். அதற்கப்புறம் "கல்யாணம் எப்போ வைக்கலாம்" என்று எந்த வாயால் கேட்பது?

என்னைத் திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது.

ஹின்ரிக்


ராய்ட்லிங்கன்,
15 ஆகஸ்ட் 1968

என் அருமை அண்ணா,

உன் கடிதத்தில் ஓட்டை என்ற வார்த்தையைப் படித்ததும் எழுந்து ஓடினேன். பொட்டலத்து முகவரி ஞாபகம் வந்தது. இழுப்பறையெல்லாம் கொட்டினேன். மாமியார் பின்னாலேயே வந்து, "என்னத்தடி தேடற, நான் அடுக்கி வச்சதையெல்லாம் கலைக்கிற" என்று கத்தினார். அந்தப் பழுப்புத் தாளை அவர் நல்ல கரண்டிகளின் அடியில் விரித்திருந்தார். அந்த மனுஷியின் சிக்கனத்துக்கு இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணா, அந்த முகவரி என் கையெழுத்து. அன்றைக்கே பார்த்தேன். நீ சோம்பேறித்தனத்தில் என் பழைய உறையை வெட்டி ஒட்டியிருக்கிறாய் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். வெள்ளைக் காகிதத் துண்டு, கத்தரிக்கோலால் கோணாமல் வெட்டினது. உன் ஓட்டையில் வைத்தால் அப்படியே பொருந்தும். கோந்து விளிம்பைத் தாண்டி வழிந்து, அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அகலமான விரல். தபால் முத்திரை மே எட்டாம் தேதி. புதன்கிழமை.

வீப்கே எண்ணும்போது ஆறு துண்டு குறைந்தது என்றாளே, அதுவும் புதன்கிழமைதான்.

அவர் கோபத்தில் வெட்டவில்லை. பதினொரு வருஷமாக எழுதாத பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை, அதனால் நான் எழுதினதையே வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறார். கல்யாணக் கேக் எனக்கும் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நான் அதைத் தின்றுவிட்டு ஓரம் காய்ந்திருக்கிறது என்று குறை சொன்னேன்.

டப்பாவில் இருந்த கடைசித் துண்டு கல்லாகிவிட்டது. இன்று சாயங்காலம் காப்பியில் நனைத்துத் தின்றேன். முழுசாகத் தின்றேன், ஒரு பாதாம் விடாமல். ஓய்கன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழுதேன், ஆனால் இந்த முறை எதற்கு அழுகிறேன் என்று தெரிந்து அழுதேன்.

உன்மேல் கோபம் இல்லை. போய்விட்டது. ஒன்று மட்டும் இருக்கிறது. வீப்கேயின் அலமாரியில் ஒரு உடுப்பு தொங்குகிறதாம். அதை மடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தினமும் கதவைத் திறந்து மூடுகிறாள். அப்பாவைப் போலவே நீயும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடாதே. அவருக்காவது கத்தரிக்கோலும் கோந்தும் இருந்தன. உனக்கு வேலி தாண்டினால் போதும்.

தாளை இதோடு அனுப்பவில்லை, கேட்காதே. அது எனக்கு.

உன் தங்கை,
ஆல்மா


எல்ம்போஸ்டல்,
8 செப்டம்பர் 1968

அடி ஆல்மா,

நல்லா இருக்கியா? நான் நன்றாக இருக்கிறேன், ரொம்பக் காலத்துக்கப்புறம்.

உன் அண்ணன் இன்று மத்தியானம் வந்தான். தலை வாரி, சவரம் செய்துகொண்டு, கையில் எட்டுத் தட்டு. மே மாதம் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினது. நாலு மாதமாக அவன் வீட்டிலேயே கிடந்தது. அவரவர் வீட்டில் கொடுக்காமல் எல்லாவற்றையும் என் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு.

"தட்டெல்லாம் கழுவிட்டேன்" என்றான்.

"கழுவினா அவங்கவங்ககிட்ட கொண்டு போய்க் குடு. என்கிட்ட எதுக்கு?"

"மறுபடி தேவைப்படுமேன்னு பார்த்தேன்."

"எதுக்குத் தேவைப்படும்?"

அவன் காது சிவந்துவிட்டது. நான் விடவில்லை. எட்டுத் தட்டையும் கையில் வைத்துக்கொண்டே நிற்கட்டும் என்று கதவை மறித்து நின்றேன். நாலு மாதம் நான் நிற்கவில்லையா?

"கல்யாணத்துக்கு" என்றான். பிறகு, "நீ வேண்டாம்னு சொன்னா நான் கொண்டு போயிடறேன்."

"தட்டையா, கல்யாணத்தையா?"

"வீப்கே, கை வலிக்குது."

உள்ளே வரச் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு ஆகியிருக்கவில்லை. பேரிக்காயும் பீன்ஸும் பன்றிக் கறியும் போட்ட குழம்பு இருந்தது. மூன்று தட்டு சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்த பிறகு உன் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, "படி" என்றான். படித்துவிட்டு நான் அழுதேன். ஆறு துண்டுக்கு அவனைத் திட்டினேனே, அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கு நிஜமாவே நான் தொடலை" என்றான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வீப்கே


எல்ம்போஸ்டல்,
22 செப்டம்பர் 1968

அன்புள்ள ஆல்மா, அன்புள்ள ஓய்கன்,

இருவரும், ஓய்கனின் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்று எழுதுவது பழகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, எனக்கும் வீப்கேக்கும் கல்யாணம். கிழங்கு அறுவடை முடிந்துவிடும். நீங்கள் மூவரும் வர வேண்டும். இது அழைப்பு. நானே என் கையால் எழுதுகிறேன்.

கேக் எட்டுத் தட்டு. புதன்கிழமை சுட வேண்டாம், வியாழக்கிழமை சுட்டால் போதும் என்கிறாள் வீப்கே. ஊர்ப் பெண்களிடம், "தின்னு முடிக்கிற வரைக்கும் யாரும் சாகக் கூடாது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். கல்யாண சூப்புக்கு இரண்டு கோழி எடுத்து வைத்தாயிற்று. ஓய்கனின் அம்மாவுக்கு ஒரு தட்டில் ஆப்பிள் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ முந்தின நாளே வந்துவிடு. முதல் தட்டு அடுப்பிலிருந்து எடுக்கும்போது நீ இருக்க வேண்டும். அப்பாவின் கல்லறைக்கு நாம் இருவரும் போகலாம். வெள்ளை ஹெதர் பூச்செடி நட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஹின்ரிக்

பி.கு.: உன் ஆகஸ்ட் கடிதம் வந்ததிலிருந்து ஒன்று மனதை அறுக்கிறது. அந்தப் புதன்கிழமை மத்தியானம் நான் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். "கோந்து எங்கடா வச்சிருக்க?" என்றார். "அலமாரி மேல்தட்டுல" என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துப் பாதையில் போனார். வேலை நாளில் அவர் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தார்.